நாங்கள் அளந்து வைத்திருந்த தண்ணீர்

அடுத்த மாதம் முதல் இந்த ஆய்வுகூடத்தில் என் வேலையை நீங்கள் மூன்று பேரும் பார்க்கப்போகிறீர்கள். நான் மன்னார் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கப் போகிறேன். இப்படியான அனுபவங்களை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு அந்த வயது வர வெகுகாலம் இருக்கிறது. மகளுக்கு இப்போதுதான் கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஆனாலும் போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டீர்கள். எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டு, பிறகும் எழுதுகிறேன். இதில் எங்கேயாவது நான் என்னையே நல்லவளாக்கிக் காட்டுகிறேன் என்று பட்டால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

சட்டகங்களை எப்படிச் செய்வது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். இரும்பு முடிச்சுகளையும் சேதன மூலக்கூற்றுக் குச்சிகளையும் பிணைத்தால் நுண்ணிய அறைகள் நிறைந்த ஒரு கூடு கிடைக்கிறது, அதுதான் சட்டகம். பயிர்ப் பூச்சிக்கு அடித்துத் தண்ணீரில் கலந்த கிருமிநாசினி அந்த அறைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. வெயில் படும்போது கூடு அதை உடைத்துப் போடுகிறது. மின்சாரம் வேண்டாம், எரிபொருள் வேண்டாம், வெயில் போதும். மன்னாரில் வெயிலுக்குக் குறைவில்லை. எங்கள் விண்ணப்பங்கள் எல்லாவற்றிலும் இந்த வசனம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும்.

முதலில் நீலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் இங்கே சேர்ந்த புதிதில் எல்லோரையும் போல மெதிலீன் நீலம் என்ற சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, எங்கள் தூளைப் போட்டு, முற்றத்து வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் பளிங்கு போல் ஆகிவிட்டது. சந்தோசத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது இங்கே மூத்தவராக இருந்த அக்கா ஒருவர் கண்ணாடி முகவையை எட்டிப் பார்த்துவிட்டு, "தூள் போடாமல் ஒண்டு வச்சுப் பாத்தனீரோ?" என்று கேட்டார். வைக்கவில்லை. வைத்துப் பார்த்தபோது, தூளே இல்லாத முகவையிலும் நீலம் வெளுத்துப் போயிருந்தது. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். வெயில் தானாகவே செய்கிற வேலை அது. அதற்குப் பிறகு நான் நீலத்தை நம்புவதில்லை. ஆனால் ஆட்களுக்குக் காட்டுவதற்கு நீலத்தைப் போல ஒன்று கிடைக்காது. கிருமிநாசினி போவது கண்ணுக்குத் தெரியாது. நீலம் போவது தெரியும்.

இரண்டாவது என் சொந்தப் பயம். மகள் பிறந்து சில மாதங்களில், நான் விடுமுறையை முழுதாக எடுக்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒருநாள் குளிக்க வார்த்துவிட்டுத் துடைக்கும்போது அவளுடைய பாதம் நீலமாக இருப்பதைக் கண்டு, கணவனையும் இழுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். நீலம் பஞ்சில் வந்தது. புதுப் போர்வையின் சாயம். "அம்மா, நீங்கள் கெமிஸ்ட்ரிதானே?" என்று அவர் கேட்டதைக் கணவன் வீட்டில் சொல்லிச் சிரித்தார். கதை ஆய்வுகூடம் வரைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு நான் எதைப் பற்றிக் கவலைப்பட்டாலும், "போர்வையை ஒருக்காக் கழுவிப் பாருங்கோ" என்று யாராவது சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள்ளே ஒரு கெடுதல் செய்தது. என் கண் காண்பதை நானே நம்பாமல் போனேன்.

இனிக் கிராமத்துக்கு வருகிறேன். பெரியமடுப் பக்கம், வயலை ஒட்டிய ஒரு குடியிருப்பு. பெயர் வேண்டாம். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் அங்கே வீடு கட்டி இருந்தன. வயலுக்கும் வெங்காயத்துக்கும் அடிக்கிற மருந்து கிணறுகளில் இறங்கியிருந்தது. எங்கள் கண்ணாடித் தட்டுகளை வைக்க நிழலில்லாத ஒரு முற்றம் தேவைப்பட்டது. றெஜினா என்ற பெண்ணின் முற்றம் கிடைத்தது. மேலே ஒரு பீப்பாயில் கிணற்றுத் தண்ணீர். அது சட்டகம் பூசிய சரிவான தட்டுகள் மேல் மெல்லிய படலமாக ஓடிக் கீழே இன்னொரு பீப்பாயில் விழும். கீழ்ப் பீப்பாயின் பக்கத்தில் ஒரு பலகை நட்டோம். 'பரிசோதனை நீர். குடிக்க வேண்டாம்.' மாதிரி எடுத்த பிறகு மிச்சத் தண்ணீரை வாழைக்கு விடவேண்டும் என்று சொல்லிவைத்தோம்.

றெஜினா முகாமில் பிறந்து வளர்ந்தவள். கணவன் யூட் கூலி வேலைக்குப் போவார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, ஷைனி. என் மகளை விட இளையவள். றெஜினாவின் பேச்சில் தமிழ்நாட்டுக் கரை ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆமா மிஸ், இறைச்சு ஊத்திட்டேன் மிஸ்" என்பாள். பக்கத்து வளவில் இருக்கும் ஓட்டோக்காரர் சூசை அண்ணை வேலிக்கு மேலால் பார்த்து, "ஆமாவாம்! ஓம் எண்டு சொல்லப் பழகு பிள்ளை. இல்லாட்டி உனக்கு அடையாளக் கார்ட் தரமாட்டாங்கள்" என்பார். "நீங்க தர்றதா இருந்தா சொல்லுங்கண்ணே, கத்துக்கிறேன்" என்று அவளும் விடமாட்டாள்.

முதல் கூட்டத்தன்று எங்கள் ஆய்வை நடத்தும் பேராசிரியர் வந்திருந்தார். அவருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். யாருடைய வீட்டுப் படியில் ஏறினாலும் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பார், சின்னப் பிள்ளைகளையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். மேல் பீப்பாயில் நான் நீலத்தைக் கரைத்தேன். தட்டுகள் மேல் சுற்றிச் சுற்றி ஓடி மத்தியானத்துக்குள் தண்ணீர் தெளிந்தது. சனம் கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டு பிடிக்கவில்லை. தட்டு இல்லாவிட்டாலும் வெயிலில் நீலம் வெளுக்கும் என்று நான் சொல்லவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் றெஜினா ஒரு தட்டில் தம்ளர்களை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? தண்ணீர் கொண்டு வரும் பவுசர் வந்து நாளாகியிருந்தது. நீலம் போடுவதற்கு முதல் அன்று காலையில் கீழ்ப் பீப்பாயில் சேர்ந்திருந்த தண்ணீரைத்தான் எடுத்து வைத்திருந்தாள் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. பேராசிரியர் ஒரு கணம் தட்டைப் பார்த்தார். பிறகு தம்ளரை எடுத்து முழுவதும் குடித்தார். "நன்றி பிள்ளை" என்றார்.

என்னிடம் தட்டு வந்தபோது நான் பையிலிருந்த போத்தலைக் காட்டினேன். "இருக்கு தங்கச்சி, இப்பதான் குடிச்சனான்."

"மிஸ் டவுன் தண்ணிதான் குடிப்பா" என்றார் சூசை அண்ணை. "எங்கட தண்ணி கண்டால் அவவுக்கு இருமல் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். றெஜினா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலம். கிருமிநாசினி போயிருக்கிறது என்று எங்கள் அளவீடுகள் சொன்னாலும், உடைந்த துண்டுகள் என்னவாகின்றன என்பது முழுதாகத் தெரியாது. அதனால்தான் குடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க, ஒரு மிடறு குடித்திருக்கலாமோ, அந்தப் பெண்ணை அவமானப்படுத்திவிட்டேனோ என்று உழன்றேன். வான் வண்டியில் பேராசிரியரிடம் கேட்டேன்.

"நீங்கள் குடிச்சது சரியோ சேர்?"

"ஒரு தம்ளர்தானே. எனக்கு ஒண்டும் செய்யாது. அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தனீங்களோ? முகாமில இருந்து வந்த சனம். நாங்களும் அவையின்ர கையால தண்ணி வாங்கிக் குடிக்காட்டி யார் குடிப்பினம்?"

அவர் சொன்னது சரி. அந்தத் தண்ணீர் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

அந்தக் கிணற்றில் கிருமிநாசினியோடு வேறொன்றும் இருந்தது. யூரியா உரத்தில் இருந்து வருகிற நைத்திரேற்று. வயலோரக் கிணறுகளில் அது சாதாரணம். முதல் மாதிரியிலேயே அளந்தோம், அதிகமாகத்தான் இருந்தது. எங்கள் சட்டகம் நைத்திரேற்றைத் தொடாது. தட்டில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அப்படியே இருக்கும். வளர்ந்தவர்கள் குடித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தாய்ப்பாலுக்குப் பதில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு அப்படியில்லை. அது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும். இதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம். எங்கள் ஆய்வு கிருமிநாசினியைப் பற்றியது. 'குடிக்க வேண்டாம்' என்று பலகை இருக்கிறது. அதோடு எங்கள் மனதில் நைத்திரேற்றின் கதை முடிந்துவிட்டது.

வெயில் ஏற ஏற பவுசர் வருவது குறைந்தது. அந்த நாட்களில் றெஜினாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியிருக்கிறது. எனக்கு அது தெரியாது. என் முறை வராத கிழமைகளில் வேறு இருவர் போய் மாதிரி எடுத்து வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் கலியாணம் செய்யாத பெடியன்கள். ஒரு வீட்டில் குழந்தை எதைக் குடிக்கிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றாது. தோன்றினாலும் வாய் வராது.

பிறகு பார்வையாளர் நாள் வந்தது. பணம் தருகிறவர்கள் கொழும்பிலிருந்து வந்தார்கள், மாவட்டத்து அரச கந்தோர்களில் இருந்தும் சிலர் வந்தார்கள். இதே தட்டுகளை இன்னும் பல கிராமங்களில் வைப்பதா என்று அன்றைக்கு முடிவாகும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அதில் எங்கள் எல்லோருடைய வேலையும் தங்கியிருந்தது, என்னுடையதும். முற்றத்தில் கதிரைகள் போட்டு, கூடாரச் சீலை கட்டி, றெஜினா கோலம் கூடப் போட்டிருந்தாள். நான் நீலப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மேல் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றேன். பேராசிரியர் கையைக் காட்டும்போது ஊற்றவேண்டும்.

றெஜினா குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தை நித்திரை. சட்டை மஞ்சள் நிறம். அதனால்தான் கண்ணில் பட்டதோ தெரியாது. உதடும் உதட்டைச் சுற்றியும் நனைந்த சிலேற்றுப் பலகையின் நிறம். நான் குழந்தையின் கையை விரித்துப் பார்த்தேன். நகங்களும் அதே நிறம்.

என் மனதில் முதலில் வந்தது போர்வை. பிறகு கூடாரச் சீலை. அது நீலச் சீலை, வெயில் அதற்குள்ளால் விழுகிறது. குழந்தையை நிழலுக்கு வெளியே கொண்டுவரச் சொன்னேன். வெளியிலும் அதே நிறம். என் விரலில் எச்சில் தொட்டு அந்த உதட்டைத் துடைத்தேன். விரலில் ஒன்றும் வரவில்லை.

"ஷைனி இப்பிடித்தான் நித்திரை கொள்ளுறவளோ?"

"ரெண்டு மூணு நாளா நல்லாத் தூங்குறா மிஸ். அழுகையே இல்ல. சமத்தா ஆயிட்டா."

"பால் குடுக்கிறனீரோ?"

"இல்ல மிஸ், வத்திப்போச்சு. பால்மாதான். நல்லாக் கொதிக்க வச்ச தண்ணியிலதான் கரைக்கிறேன்."

"எந்தத் தண்ணி?"

அவள் தாடையால் கீழ்ப் பீப்பாயைக் காட்டினாள். "சுத்தமான தண்ணிதான் மிஸ். சார் குடிச்சாருல்ல?"

போத்தலைத் தரையில் வைத்துவிட்டுப் பேராசிரியரிடம் போனேன். அவர் விருந்தினர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். காதருகே சொன்னேன். அவர் குழந்தை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நித்திரை கொள்கிற ஒரு குழந்தை.

"நிச்சயமாத் தெரியுமோ?"

அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நிச்சயமாத் தெரியாது சேர். ஆனால் நிறம்..."

"போன முறையும் உங்கட பிள்ளைக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகவே யோசித்தார். "இவையள் வெளிக்கிட்ட உடனே எங்கட வானிலேயே கொண்டுபோவம். கொஞ்ச நேரம்தான். இப்ப இதைச் சொன்னால் எல்லாம் முடிஞ்சுது. எத்தினை கிராமம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசித்துப் பார்த்தேன். தம்பி, தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நான் துணிந்து நின்றேன் என்று நினைக்கவேண்டாம். அந்த முற்றத்தில் அரைவாசித் தூரம் நடந்து திரும்பவும் நின்றேன். நான் பிழையாக இருந்தால் இந்த ஊரே சிரிக்கும், பல கிராமங்களுக்குப் போகவேண்டிய தட்டுகள் என்னால் நிற்கும், இரும்புச்சத்துக் குறைவாகக் கூட இருக்கலாம், நெஞ்சுச் சளியாக இருக்கலாம், நித்திரை இல்லாத கண் எனக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே நியாயமாக இருந்தன. அழுகையே இல்லை என்று றெஜினா சொன்னது மட்டும் எந்த நியாயத்துக்கும் அடங்காமல் நின்றது. குழந்தை அழாவிட்டால் பயப்படவேண்டும் என்று எந்தத் தாய்க்கும் தெரியும். றெஜினாவுக்கும் தெரிந்திருக்கும். களைப்பு அதை மறைத்துவிட்டது.

வான் சாரதி, சேர் சொல்லாமல் எடுக்கமாட்டேன் என்றார். றெஜினாவும் வர மறுத்தாள். "எதுக்கு மிஸ் ஆஸ்பத்திரி? காச்சல் கூட இல்ல. விருந்தாளிங்க வந்திருக்காங்க, அவரும் வேலைக்குப் போயிட்டாரு." அவளை நகர்த்துவதற்குக் காரணம் சொல்லவேண்டியிருந்தது. காரணத்தை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், அவள் நம்பவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"இந்தத் தண்ணியாலதான். இந்தப் பீப்பாய்த் தண்ணி பிள்ளைக்கு ஆகாது. கொதிக்க வச்சாலும் ஆகாது. இப்பவே போகவேணும்."

கதிரைகளில் யாரோ ஒருவர் மற்றவருக்குச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பது கேட்டது.

சூசை அண்ணைதான் முதலில் அசைந்தார். "என்ன மிஸ் சொல்லுறியள்? நல்ல தண்ணியெண்டுதானே இவ்வளவு நாளும் படம் காட்டினனீங்கள்?" என்று கத்திக்கொண்டே ஓட்டோவை முடுக்கினார். "ஏறு பிள்ளை. ஏறு எண்டுறன். பிறகு இவையோட சண்டை பிடிக்கலாம்."

மன்னார் வரும் வரைக்கும் அவர் ஏசிக்கொண்டே வந்தார். எங்களை, பவுசரை, ரோட்டை, முன்னால் போன மாடுகளை. நான் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். சுண்டினால் முகத்தைச் சுளிக்கும், பிறகு மீண்டும் கண்ணை மூடும். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியில் ஏறும்போது சுண்டியும் சுளிக்கவில்லை. றெஜினா அப்போதுதான் விளங்கிக்கொண்டு, "மாதாவே" என்று ஒரு தடவை சொன்னாள்.

ஆசுப்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். நிறம் மாறவில்லை. இளம் டொக்டர், பெண், என்னை விட வயது குறைவாகத்தான் இருக்கும். நெஞ்சைக் கேட்டார், இதயத்தைக் கேட்டார், புருவத்தைச் சுருக்கினார்.

"டொக்டர், நைத்திரேற்றாய் இருக்கலாம். கிணத்துத் தண்ணியில பால்மா கரைச்சிருக்கினம்."

அவர் உடனே இரத்தம் எடுத்தார். ஊசிக்குள் ஏறியது சிவப்பாக இல்லை. கோப்பி நிறம்.

"தண்ணியில நைத்திரேற்று இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"நாங்கள் அளந்தனாங்கள்."

"அளந்தனீங்களோ?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அளந்துபோட்டு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நான் அந்த வாசலில் நின்று, சொல்வதற்கு ஒரு வசனம் தேடினேன். எங்கள் ஆய்வின் எல்லைக்கு வெளியே என்று ஒரு வசனம் இருக்கிறது. அறிக்கைகளில் அதை நானே எழுதியிருக்கிறேன். அந்த வாசலில் அதை வாயெடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

அவர்கள் ஊசியில் மெதுவாக ஏற்றிய மருந்து மெதிலீன் நீலம். இந்த நோய்க்கு அதுதான் மருந்து. இதை நீங்கள் எப்படியும் ஒரு புத்தகத்தில் படிப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டத்தில் சுவையாகச் சொல்வதற்கு ஏற்ற தற்செயலாக அதை ஆக்கிவிடாதீர்கள். வெளியே மர வாங்கில் இருந்த எனக்கு அதில் எந்த அழகும் தெரியவில்லை. உதட்டின் நிறம் திரும்புமா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியது. குழந்தை அழுதது. நேர்ஸ் ஒருவர் வெளியே வந்து, "அழுகிறா, கேக்குதோ?" என்று றெஜினாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் றெஜினா என்னோடு பேசினாள்.

"போர்டு படிச்சேன் மிஸ். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா முகாம்ல எல்லா டாங்கிலயும் ஏதாவது எழுதியிருக்கும். குடிக்கலாம்னு எழுதினதக் குடிச்சு வயித்தால போயிருக்கு. குடிக்காதேன்னு எழுதினதத்தான் ஆபீசருங்க வீட்டுக்குக் கொண்டு போவாங்க. அதனால நாங்க எழுத்தப் பாக்க மாட்டோம். யாரு குடிக்கிறாங்கன்னு பாப்போம்."

"நான் குடிக்கேல்லைத்தானே றெஜினா?"

"நீங்க குடிக்காதது எங்க வீடுங்கிறதாலன்னு நெனச்சேன்."

அவள் நினைத்ததில் பிழை இல்லை. திரும்பி வந்த நாளிலிருந்து எத்தனையோ வீடுகளில் அவளுக்கு அப்படி நடந்திருக்கும்.

பின்னேரம் பேராசிரியர் வந்தார். விருந்தினர்களை அனுப்பிவிட்டு நேரே வந்திருக்கவேண்டும், கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. அவரைக் கண்டதும் றெஜினா வாங்கிலிருந்து எழுந்துவிட்டாள். அவர் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார், அவள் இருக்கவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கேட்டாள்.

"சார், நீங்களும் அன்னைக்குக் குடிச்சீங்களே. உங்களுக்கு ஒண்ணும் செய்யலியே சார்?"

கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்காகப் பயந்து கேட்டாள். பேராசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தை பிழைத்தது. இதைக் கேட்டதும் உங்களுக்கு நெஞ்சு இலேசாகும். எனக்கும் ஆனது, ஒரு கிழமைக்கு.

பிறகு அதிகாரிகள் வந்து கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். தட்டுகளைக் கழற்றினோம். பவுசர் சில நாள் ஒழுங்காக வந்தது, பிறகு பழையபடி. பக்கத்து வளவுகளில் எல்லோரும் அந்தக் கிணற்றைத்தான் குளிக்கவும் துவைக்கவும் நம்பியிருந்தார்கள். அவர்கள் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. வானில் வந்து வானில் போகிறவர்களை எங்கே பிடிப்பது? றெஜினாவைக் கேட்டார்கள். "உன்ர பிள்ளையால எங்களுக்குக் கிணறும் போச்சு" என்று ஒரு பெண் வேலிக்கு மேலால் சொன்னதை, தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன். சூசை அண்ணை மட்டும், "ஓமோம், உங்களுக்குக் குளிக்கிறதுக்காக அவள் பிள்ளையைப் புதைச்சிருக்க வேணும்" என்று திருப்பிச் சொன்னார்.

யூட் குடும்பத்தைப் பேசாலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கடல் கடந்து திரும்பி வந்து, காணி உறுதிக்கு அலைந்து, கல் கல்லாகக் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் எழுதிய கட்டுரையில், அந்த இடத்துத் தண்ணீரில் கிருமிநாசினி நீங்கியது என்று இருக்கிறது. அது உண்மை. நைத்திரேற்றின் அளவும் ஒரு அட்டவணையில் இருக்கிறது. அதுவும் உண்மை.

நான் அன்று சத்தமாகச் சொன்னது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். குழந்தையைப் பொறுத்தவரை சரி. ஆனால் ஒரு தண்ணீரை வேண்டாம் என்று சொன்னவள், அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் எதைக் குடிப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அதைச் சொல்ல எங்கள் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. அதனால்தான், அடுத்த கிராமத்துக்கு நீங்கள் தட்டுகளைக் கொண்டு போகும்போது, முதலில் அந்த வீட்டில் ஆக இளையவர் யார், அவர் எதைக் குடிக்கிறார் என்று கேளுங்கள் என்கிறேன். பெடியன்களும் கேட்கவேண்டும், வெட்கப்படக் கூடாது. பதில் பிடிக்காவிட்டால் பெட்டியை வானிலிருந்து இறக்காதீர்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னாரில் ஒரு முற்றத்திலும் இறக்க முடியாது என்று பேராசிரியர் சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். எனக்கு இன்னும் அதில் தெளிவில்லை. நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர், யோசியுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போனில் றெஜினாவின் படம் ஒன்று வந்திருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு இப்படி வரும். ஒரு தம்ளரில் தண்ணீர். பேசாலையில் அவர்கள் இருக்கும் வளவுக்குப் பக்கத்தில் யாரோ புதிதாகக் குழாய்க் கிணறு அடித்திருக்கிறார்களாம். 'மிஸ், இது பாப்பாவுக்குக் குடுக்கலாமா?' என்று கேட்டிருக்கிறாள். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. படத்தில் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

'ஞாயிறு வந்து பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குடுக்க வேண்டாம்' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'அதுவரை எதக் குடுக்கிறது மிஸ்?'

ஞாயிறு வரைக்கும் இருக்க முடியாது. தண்ணீரில் நைத்திரேற்றுப் பார்க்கும் பரிசோதனைத் தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டேன், மகளை மச்சாளிடம் விட்டுவிட்டுப் போகவேண்டும். பேசாலை பஸ் வருகிற நேரம். இதை இந்த இடத்தில் விடுகிறேன்.